வலிக்குது என்பதற்கு இங்கிலீஷ்

மகளே, முதலில் உட்கார். இப்போது நான் எழுதப்போகும் கதையைக் கிள்ளானில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கோலாலம்பூரில் சிரிப்பார்கள். நீ வேலைக்குப் போய் இறங்கப்போகும் மான்செஸ்டரில் போலீசைக் கூப்பிடுவார்கள். ஆனாலும் வலது கையை நெஞ்சின்மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதுவரை நான் உனக்குச் சொன்ன அத்தனை கதைகளையும்விட நம்பமுடியாத கதை இதுதான். கையை நெஞ்சின்மேல் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை உன்னிடம் சொல்லியாக வேண்டும். உன் அம்மா இன்று காலை தோசைக் கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டிக் கெடு வைத்துவிட்டாள். "சனிக்கிழமை பிள்ளைக்கு பிளைட்டு. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்க சொல்லிடுங்க. இல்லன்னா நானே போன் போட்டுச் சொல்லிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது." வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். வாயை நம்பித்தான் இரண்டு வாரத்துக்கு முன்னால் கெட்டேன்.

அன்று நீ உன் சுபாங் ஜெயா வீட்டிலிருந்து, பெட்டி கட்டுவதற்குத் துணிமணி எடுக்க வந்திருந்தாய். என் மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்து, "என்னா பா இது, கையில?" என்று கேட்டாய். மிளகாய்ச் செடிக்கு முட்டுக் கொடுக்கும்போது கம்பி இடித்துவிட்டது என்றேன். "உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றாய். நான் எழுந்து நின்று, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, "ஃபிட் அஸ் எ ஃபிடில், மை டியர்! ரைட் அஸ் ரெய்ன்!" என்று முழங்கினேன். முதலாவதற்கு, பிடில் வாத்தியம்போல் கச்சிதமாக இருக்கிறேன் என்று பொருள். இரண்டாவதற்கு, மழையைப்போல் ஒரு குறையும் இல்லை என்று பொருள். இரண்டையும் வெள்ளைக்காரன் உடம்பு நன்றாக இருப்பவனுக்குத்தான் சொல்லுவான். நீ சிரித்துக்கொண்டே துணியை மடிக்கப் போய்விட்டாய். சமையற்கட்டில் உன் அம்மா ஒரு சட்டியை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பூனை பூச்சோங் வரைக்கும் ஓடிவிட்டது. மிளகாய்ச் செடி ஒரு பாவமும் அறியாதது. அந்த நீலம், ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, நெஞ்சுக்குள் போய்ப் படம் எடுத்த இடம். படத்தில் என்ன தெரிந்தது என்பதற்கு வருகிறேன். என்னை என் போக்கில் வரவிடு. லோரியை ரிவர்ஸ் எடுப்பவன் முதலில் எதிர்த்திசையில்தான் ஸ்டியரிங்கை ஒடிப்பான்.

உன் அப்பனுக்கு இந்த வியாதி பத்தொன்பது வயதில் பிடித்தது. நெஞ்சு வியாதியைச் சொல்லவில்லை, இங்கிலீஷ் வியாதியை. கிள்ளான் துறைமுகத்தில் சரக்குகளுக்குப் பத்திரம் போடும் ஓர் ஆபீசில் கடைநிலை கிராணியாக, ஊரில் குமாஸ்தா என்பார்களே, அப்படிச் சேர்ந்திருந்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது 'யெஸ் சார்', 'நோ சார்', 'டுமாரோ சார்' ஆகிய மூன்று காவியங்கள். ஒருநாள் மேனேஜர், சுங்கத்தில் மாட்டிய சரக்கு எப்போது வெளியே வரும் என்று எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார். நான் பழைய செய்தித்தாளில் படித்து மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தைத் தூக்கிப் போட்டேன்: "வி ஆர் நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் யெட், சார்." காட்டைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை, அதாவது ஆபத்து முழுசாகத் தீரவில்லை என்று பொருள். அவ்வளவுதான். மின்விசிறி நின்றது. துறைமுகத்தில் மூன்று கப்பல்கள் மரியாதைக்காகச் சங்கு ஊதின. நான்காவது கப்பல் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது, என்னைப் பார்க்கத் திரும்பி வந்தது. மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யூ, சிட் டவுன்," என்றார். மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், பாப்பா. நான் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியின் சூடு முப்பது வருஷம் என்னை விட்டுப் போகவில்லை. நேரான வார்த்தை நிற்கவைக்கும், ஜோடித்த வார்த்தைதான் உட்காரவைக்கும் என்று அன்றைக்கு முடிவுகட்டினேன்.

நீ போகிற ஊரில் இதெல்லாம் காற்றில் மிதக்கும். அதனால் அப்பன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லி வைக்கிறேன். நம் தமிழில் ஒருவன் 'கம்பி நீட்டிவிட்டான்' என்றால் அங்கே கம்பியும் இல்லை, நீட்டவும் இல்லை, ஆள் ஓடிப்போயிருக்கிறான். அவர்களுடையதும் அப்படித்தான். வார்த்தை வார்த்தையாகப் பிரித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. முழுசாக விழுங்கு. நீ மேடையேறும் முன்னால் 'பிரேக் எ லெக்' என்பார்கள். காலைப் பார்க்காதே, நன்றாகச் செய் என்று வாழ்த்துகிறார்கள். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் வேலை மிகச் சுலபம். அதை உன் வேலைக்கு மட்டும் சொல். பக்கத்தில் ஒருவர் மூன்று நாளாக மல்லுக்கட்டும் வேலையைப் பார்த்துச் சொன்னால் அன்றோடு பேச்சுவார்த்தை போச்சு. 'ஐ வில் பேர் இட் இன் மைண்ட்' என்று ஒரு மேலதிகாரி சொன்னால், மனசில் வைத்துக்கொள்வதாக வார்த்தை, மறந்துவிட்டதாக அர்த்தம். 'நாட் டூ பேட்' என்றால் பிரமாதமாகவும் இருக்கலாம், வீடே எரிந்துகொண்டும் இருக்கலாம், முகத்தைப் பார். மழை பெய்தால் 'பூனையும் நாயுமாகக் கொட்டுகிறது' என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே. அதை இப்போது அங்கே யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. நம் ஊர்ப் பள்ளிக் கட்டுரைகளில்தான் அந்தப் பூனைகளும் நாய்களும் இன்னும் விழுந்துகொண்டிருக்கின்றன.

கட்டுரை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நீ பள்ளியில் மூன்றாம் படிவம் படித்தபோது 'என் விடுமுறை' என்று ஒரு கட்டுரை. நீ ஜெஞ்சாரோமில் உன் சித்தி வீட்டில் வாத்து பார்த்ததைப் பத்து வரியில் அழகாக எழுதியிருந்தாய். நான் அதை 'மெருகேற்றினேன்'. ஒரே பக்கத்தில் பதினேழு மரபுத்தொடர். வாத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. டீச்சர் சிவப்பு மையில் 'யார் எழுதியது?' என்று கேட்டு வகுப்பில் உன்னை நிற்கவைத்தாராம். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இலையில் ஊறுகாய் ஓரத்தில் இருந்தால்தான் ஊறுகாய், சோற்றுக்குப் பதில் அதையே பரிமாறினால் விருந்தாளி எழுந்து போவான் என்று எனக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. புரிவதற்கு ஓர் ஆளுடைய வயிறு கிழிய வேண்டியிருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நடத்திய வகுப்பு உனக்குத் தெரியும். பூக்கடைக்கு மேல்மாடி அறை. ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்து வேலை செய்யும் ஆட்கள் அன்றைக்குத்தான் கோயிலுக்கும் பாசார் சந்தைக்கும் வருவார்கள், அப்படியே என்னிடமும் வருவார்கள். நானூறு பேர் வந்தார்கள், மாடிப்படி உடைந்து கயிறு கட்டி ஏறினார்கள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஏழு பேர் வந்தார்கள். மழை என்றால் நாலு. அவர்களில் ஒருவர் செல்வராஜ். புதுக்கோட்டைப் பக்கம். நாற்பத்தைந்து வயது, ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள். சுங்கை பூலோவில் ஒரு நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் மரம் இழைக்கிற மெஷினில் நின்றார். சீன சூப்பர்வைசரிடம் நாலு வார்த்தை தைரியமாகப் பேச வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவர், எல்லாரையும்விட வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்து வருபவர். நான் சொன்னதைத் தமிழில் எழுதிக்கொண்டு, மெஷின் சத்தத்தில் வாய்விட்டுப் படிப்பாராம்.

ஒரு ஞாயிறு, உடம்புக்கு முடியாமல் போனால் எப்படிச் சொல்வது என்ற பாடம். செல்வராஜ் எழுந்து, "ஐ ஹேவ் பெயின், சார்," என்றார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். தலையில் கைவைத்து ஜன்னல் ஓரம் போய் நின்றேன். "செல்வராஜு! பெயினா? அது தடுக்கி விழுந்த சின்னப் பிள்ளைங்க பேசுற பேச்சுயா! நாப்பத்தஞ்சு வயசு மனுசன், கம்பீரமா சொல்ல வேணாமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. பிறகு பலகையில் எழுதிப் போட்டேன்: 'ஐ ஆம் எ பிட் அண்டர் தி வெதர்.' வானிலைக்கு அடியில் இருக்கிறேன் என்று வார்த்தை, உடம்பு லேசாகச் சுகமில்லை என்று பொருள். அதற்குத் துணையாக இன்னொன்று: 'நத்திங் டு ரைட் ஹோம் அபௌட்.' வீட்டுக்குக் கடிதம் போட்டுச் சொல்கிற அளவுக்குப் பெரிதில்லை. பொருளைச் சொன்னேன். 'லேசாக' என்பதையும் சொன்னேன். ஆனால் எவ்வளவு வலிக்கு மேல் இதைச் சொல்லக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது, பாப்பா. எனக்கு அதன் மினுக்குதான் தெரியும்.

இங்கிருந்து கொஞ்ச தூரம் நான் அளக்கப்போவதில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை செல்வராஜுக்கு வயிற்றின் வலது பக்கம் பிடித்தது. வெள்ளிக்கிழமை நிமிர முடியவில்லை. தொழிற்சாலை ஆட்களைப் பார்ப்பதற்கென்று ஒப்பந்தம் போட்ட கிளினிக் ஒன்று இருக்கும் அல்லவா, அங்கே அனுப்பினார்கள். சின்ன வயசு சீன டாக்டர், நல்ல மனுசன். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். "வாட்ஸ் ராங், பாஸ்?" என்று கேட்டிருக்கிறார். செல்வராஜ் மேசையைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, "ஐ ஆம் எ பிட் அண்டர் தி வெதர், டாக்டர்," என்றிருக்கிறார். டாக்டர் தலை நிமிர்ந்து, "வா! யுவர் இங்கிலீஷ் வெரி பவர் லா!" என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "நத்திங் டு ரைட் ஹோம் அபௌட்!" இருவரும் சிரித்திருக்கிறார்கள். வயிற்றுக் காற்றுக்கு மாத்திரை, ஒருநாள் லீவுச் சீட்டு. மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அவரோடு தங்கியிருந்த பையன் எனக்குப் போன் செய்தான். "சார், அண்ணன் குளியலறைல விழுந்து கெடக்குறாரு சார். உங்க நம்பர்தான் செவுத்துல எழுதி வச்சிருக்காரு."

குடல்வால் வெடித்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு முறை வயிற்றைத் திறந்தார்கள். ஆறு நாள் அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அந்த ஆறு நாளும் நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். உன்னிடமும் அம்மாவிடமும், துறைமுகத்தில் ஒரு கப்பல் என்னைக் கேட்காமல் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஏழாம் நாள் கண் திறந்தார். நான் முன்கூட்டியே ஒரு நல்ல வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், எல்லாம் சரியாகிவிடும் என்று பொருள்படுவதாக, இங்கிலீஷில். வாயைத் திறப்பதற்குள் அவர் மெதுவாகப் பேசினார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"சார், பெயின்னு சொல்லத்தான் சார் வாயில வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதானே. அது சின்னப் புள்ளைங்க பேசுறதுன்னு நீங்க சொன்னீங்களா, அந்த டாக்டர் தம்பி முன்னாடி கேவலமா ஆயிடக் கூடாதேன்னு மாத்திச் சொல்லிட்டேன். சரியாத்தானே சார் சொன்னேன்?"

சரியாகத்தான் சொல்லியிருந்தார். உச்சரிப்பு உட்பட. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறாய்? "சரியா சொன்னீங்க, செல்வராஜு. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்," என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் போர்வையை இழுத்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் பிழைத்து, இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போய், இப்போது அங்கே டீக்கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி எனக்குக் குரல் செய்தி அனுப்புகிறார், இன்னும் 'சார்' என்றுதான். அடுத்த ஞாயிறே வகுப்பை மூடினேன். நீ அப்போது காலேஜில் இருந்தாய். ஏன் பா நிறுத்திட்டீங்க என்று கேட்டாய். 'உச்சியில் இருக்கும்போதே ஓய்வு பெறுவதுதான் மாவீரனுக்கு அழகு' என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். நீ கைகூடத் தட்டினாய். அந்தக் கைதட்டலை இப்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஆகையால் மகளே, அங்கே போய் அவர்களுடைய பேச்சையெல்லாம் கற்றுக்கொள். தேநீர் நேரத்தில் பேசு, மீட்டிங்கில் பேசு, சிரிக்கவை. இனிப்பாக மறுக்கவும் நாசூக்காக நழுவவும் அதைவிட நல்ல பாஷை கிடையாது. ஆனால் உடம்புக்கு முடியாதபோது, பயப்படும்போது, மன்னிப்புக் கேட்கும்போது, இன்னொருவருடைய உதவி தேவைப்படும்போது, இந்த நாலு நேரத்தில் மட்டும் இடுப்புத் துண்டோடு வருகிற வார்த்தைதான் வேண்டும். கோட்டுப் போட்டு அனுப்பாதே. எதிரில் இருப்பவன் கோட்டைப் பாராட்டிவிட்டு ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவான். நீ ஒருநாள் போனில் 'ஐ ஆம் ஹேங்கிங் இன் தேர், பா' என்று சொன்னால், எப்படியோ சமாளிக்கிறேன் என்று அதற்குப் பொருள் என எனக்குத் தெரியும், ஆனால் நான் சிரிக்கமாட்டேன். "எங்க வலிக்குதும்மா?" என்று கேட்பேன்.

இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை என்று உன் அம்மா இந்த இடத்தில் கேட்டாள். தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே இருக்கிறாள். "ஊருக்கு உபதேசம் முடிஞ்சிருச்சா? இப்ப நம்ம வீட்டு விஷயத்த எழுதுங்க." காலையில் அவளே ஒரு யோசனை சொன்னாள்: பெரியதாக ஒன்றும் எழுத வேண்டாம், டாக்டர் சொன்னதை மட்டும் எழுதுங்கள் என்று. நான் நாலு தடவை தொடங்கினேன். முதல் தடவை 'சிறு பழுது' என்று வந்தது. இரண்டாம் தடவை 'இஞ்சின் ஓவர்ஹால்' என்று வந்தது. மூன்றாவது இங்கிலீஷில் வந்தது. நாலாவதைக் கிழித்தவள் அவள். இது ஐந்தாவது.

படத்தில் மூன்று இரத்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. ஒன்று ஏறத்தாழ முழுசாக. சனிக்கிழமைக்குப் பிறகு வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள். பெரும்பாலானவர்கள் இதில் நல்லபடியாகத் தேறி வருகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். எல்லாரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஐந்து மாதமாக மாடிப்படி ஏறினால் வலிக்கிறது. இடது தோள்வரை வருகிறது. இதை யாரிடமும் சொல்லாமல், படியில் நின்று சுவரில் இருந்த உன் பட்டமளிப்புப் படத்தைத் துடைப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் அவ்வளவு பளபளப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நீ சனிக்கிழமை ஏறிவிட வேண்டும், எல்லாம் முடிந்தபிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் மறைத்தேன். உன்னுடைய வாய்ப்புக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற பெருந்தன்மை என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். பெருந்தன்மை இல்லை. அப்பா பலவீனமாகக் கிடப்பதை நீ பார்க்கக்கூடாது என்ற வீம்பு. உனக்குத் தெரிந்து நீ எடுக்கவேண்டிய முடிவை உனக்குத் தெரியாமல் நான் எடுத்துவிட்டேன். அது தப்பு. என்னை மன்னித்துவிடு.

இப்போது கேட்கிறேன். டிக்கெட்டை ஒரு பத்து நாள் தள்ளிப்போட முடியுமா? செவ்வாய்க்கிழமை என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும், கண் திறக்கும்போதும் நீ அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் முடியாது என்றால், நீ போ. கோபப்படமாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் கோபப்படமாட்டேன். இரண்டும் வேறு வேறு. எதுவானாலும் எனக்கு நேராகச் சொல்.

கடிதத்தை உன் அம்மா முழுசாகப் படித்துவிட்டாள். துறைமுகத்தில் ஒரு கப்பலும் சங்கு ஊதவில்லை, பூனை பூச்சோங்குக்குப் போகவில்லை, மின்விசிறி மின்வெட்டில் நின்றது என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டால்தான் உறையை ஒட்டுவேன் என்கிறாள். ஒப்புக்கொள்கிறேன். உன் அப்பன் ஆயுசு முழுக்க வாயைத் திறந்து கொட்டியதில் பத்தில் ஒன்பதை நீ நம்பியிருக்க மாட்டாய், நல்ல பிள்ளை. மிச்சம் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை, அதை நம்பிக்கொள்: எனக்குப் பயமாக இருக்கிறது, மகளே.